எதை வைத்து ‘எடிட்டர் தலையீடு’ என்று சொல்வது? கறுப்பின சூப்பர்ஹீரோக்கள், 1954–77

பேனல்பித்தன்:
வணக்கம் நண்பர்களே. அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் கறுப்பினப் பாத்திரங்கள் எடிட்டர் மேசையில் எப்படியெல்லாம் மாற்றப்பட்டன என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் கிடைப்பதில் பாதி ‘அந்தக் காலம் அப்படி’ என்பதோடு முடிந்துவிடுகிறது. எனக்கு மூன்று விஷயம் வேண்டும்: எந்த இதழ், யார் தடுத்தார், அச்சில் என்ன தடயம் மிஞ்சியிருக்கிறது. ஃபெரோ லாட், டைராக் (இருவரும் டிசியின் ‘லீஜன்’ என்ற எதிர்கால சூப்பர்ஹீரோ குழுவினர்), மார்வெலின் பிளாக் பேந்தர் கதைகள் வந்த ஜங்கிள் ஆக்‌ஷன் மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். இன்னொரு சந்தேகம். ஃபென்டாஸ்டிக் ஃபோர் 52-க்கு ஓவியர் ஜாக் கிர்பி முதலில் வரைந்த அட்டையில் பிளாக் பேந்தரின் பாதி முகம் வெளியே தெரிகிறது. கடைக்கு வந்த அட்டையில் முழு முகமூடி. இதையும் தலையீடு என்று எழுதிவிடலாமா?

நான்குவண்ணம்:
அந்த அட்டையை ஆதாரமாக வைக்காதீர்கள். முகமூடி மாறியது உண்மை, ஆனால் இன்ன காரணத்துக்காக மாற்று என்று யாரும் எழுதிவைத்த தாள் இல்லை. சந்தேகம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். உங்களுக்கு அதைவிடக் கனமான உதாரணங்கள் இருக்கின்றன.

தடயம் தேட ஒரு வழி: ‘வேண்டாம்’ என்ற சொல் எந்தக் கட்டத்தில் வந்தது என்று பாருங்கள். கதைச்சுருக்கத்திலேயே வந்தால் பக்கத்தில் ஒன்றும் தெரியாது, பேட்டிகள்தான் கதி. பென்சில், மை எல்லாம் முடிந்த பிறகு வந்தால் மறுபடி வரைய வேண்டும், செலவு, கெடு இரண்டும் இடிக்கும். அதனால் கடைசி நேரத்தில் மலிவாக மாற்றக்கூடியது நிறம் ஒன்றுதான். அங்கேதான் தடயம் அப்படியே நிற்கும்.

அன்றைய அச்சில் மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொன்றும் 25%, 50%, 100% என மூன்று அடர்த்தி. அந்த நிறமே இல்லாமல் விடுவதையும் சேர்த்தால் மொத்தம் 64 வண்ணம். கலரிஸ்ட் பக்கத்தின் சிறிய நகல் மேல் வண்ணம் தீட்டி, பக்கத்திலேயே குறியீடு எழுதி அனுப்புவார். வெள்ளைத் தோலுக்கு மஞ்சள் 25, சிவப்பு 25, அவ்வளவுதான். பழுப்புத் தோலுக்கு நீலமும் சேர வேண்டும், மூன்று அச்சுத் தகடும் சரியாகப் பொருந்த வேண்டும். செய்தித்தாள் தரக் காகிதத்தில் நீலம் கொஞ்சம் தூக்கலானால் முகம் சாம்பலாகும், மூக்கு, கன்னத்தின் மெல்லிய மைக்கோடுகள் அதில் மூழ்கிவிடும். பழைய இதழ்களில் கறுப்பின முகங்கள் சாம்பல் பூத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றையும் உள்நோக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் பல பத்தாண்டுகள் அதைச் சரிசெய்ய யாரும் மெனக்கெடவில்லை என்பதும் ஒரு முடிவுதான். 1993-இல் கறுப்பினப் படைப்பாளிகளின் மைல்ஸ்டோன் நிறுவனம் தொடங்கியபோது நோயெல் கிடிங்ஸ் தலைமையில் ‘மைல்ஸ்டோன் 100’ என்று தனி வண்ணமுறையே வைத்துக்கொண்டார்கள். ஒரே வகுப்பறையில் நான்கு கறுப்பினப் பிள்ளைகள் உட்கார்ந்தால் நான்கு நிறம் தெரிய வேண்டும், அதுதான் தேவை.

சார்ஜென்ட் ஃப்யூரி 1 (மே 1963) எடுத்துப் பாருங்கள். கேப் ஜோன்ஸ் கறுப்பினச் சிப்பாய், கிர்பி அப்படித்தான் வரைந்தார். அச்சில் தோல் இளஞ்சிவப்பு. வண்ணம் பிரிக்கும் இடத்தில் ‘தவறாக எழுதிவிட்டார்கள்’ என்று நினைத்துத் திருத்திவிட்டதாகவும், பிறகு தெளிவாகக் குறிப்பு அனுப்ப வேண்டியிருந்தது என்றும் ஸ்டான் லீ சொல்லியிருக்கிறார். இது எடிட்டர் கணக்கில் வராது, தயாரிப்புக் கணக்கில் வரும்.

இதற்கு நேர் எதிர் சூப்பர்பாய் 207 (1975). அதில் டிவ்ரான் என்ற சயின்ஸ் போலீஸ் அதிகாரி வருவார். மைக் கிரெல் வரைந்தது கறுப்பின முகம். எடிட்டர் மர்ரி போல்டினாஃப் மாற்றச் சொன்னார் என்று கிரெல் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அச்சில் நிறம் வெள்ளையருடையது. கோடுகளை மட்டும் பாருங்கள், பிறகு நிறத்தைப் பாருங்கள்: இரண்டும் இரண்டு ஆட்கள். உங்கள் கட்டுரைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

பழையஇதழ்:
நிறம் பற்றி மேலே சொன்னது சரி. ஃபெரோ லாட் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் அதில் எடிட்டர் சொன்ன காரணத்தையே சோதித்துப் பார்க்க முடியும்.

ஜிம் ஷூட்டருக்கு அப்போது 14 வயது. முகமூடிக்குப் பின்னால் கறுப்பினப் பையன் என்று வைத்துத்தான் அந்தப் பாத்திரத்தை உருவாக்கினார். எடிட்டர் மோர்ட் வைஸிங்கர் மறுத்துவிட்டார். தென் மாநிலங்களில் விநியோகம் போய்விடும் என்பது காரணம். இது ஷூட்டரே பலமுறை சொன்னது. இரும்பு முகமூடி மட்டும் மிஞ்சியது, அட்வெஞ்சர் காமிக்ஸ் 353-ஆம் இதழில் பையன் செத்தும் போனான்.

இப்போது தேதியைப் பாருங்கள். ஃபெரோ லாட் வந்த அட்வெஞ்சர் காமிக்ஸ் 346-இன் அட்டைத் தேதி ஜூலை 1966. பிளாக் பேந்தர் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் 52-இன் அட்டைத் தேதியும் ஜூலை 1966! அதைவிட முக்கியம், அன்று மார்வெல் இதழ்களை விநியோகித்தது இன்டிபென்டன்ட் நியூஸ், அதாவது டிசியின் சொந்த நிறுவனம். ஒரே விநியோகஸ்தர் இரண்டையும் தென் மாநிலங்களுக்குக் கொண்டுபோனார். ஒன்றில் ஆப்பிரிக்க அரசன் இருந்தான், மற்றதில் இருக்கக் கூடாது என்றார்கள். ‘சந்தை ஏற்காது’ என்ற வாதத்தை உங்கள் கட்டுரையில் யாராவது எழுப்பினால் இந்த இரண்டு இதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

லீஜனுக்குக் கடைசியில் கறுப்பின உறுப்பினர் வந்தது 1976 ஏப்ரல், சூப்பர்பாய் 216-ஆம் இதழ், டைராக். லீஜன் தொடங்கி 18 வருடம் ஆகியிருந்தது. அதற்குள் பச்சைத் தோல், நீலத் தோல், ஆரஞ்சுத் தோல் எல்லாம் வந்துவிட்டன. இத்தனை நாள் கறுப்பினத்தவர் எங்கே போனார்கள் என்பதற்குக் கதையில் கொடுத்த விளக்கம், அவர்கள் மார்சல் என்ற தீவில் தனியாக வாழ்கிறார்கள் என்பது. கிரெலுக்கு அது அருவருப்பாக இருந்தது, உடையை வேண்டுமென்றே கேலிக்குரியதாக வரைந்ததாக அவரே சொன்னார். எடிட்டோரியல் விட்ட ஓட்டையை அடைக்க ஒரு முழு இனத்தையே தீவில் தள்ளியது, படிக்கும்போது இன்றும் வலிக்கிறது.

டீன் டைட்டன்ஸ் 20 (1969) உங்கள் பட்டியலில் இல்லை. லென் வீன், மார்வ் உல்ஃப்மன் இருவரும் ஜெரிகோ என்ற கறுப்பின ஹீரோவை வைத்து எழுதினார்கள். டிசியின் எடிட்டோரியல் இயக்குநர் கார்மைன் இன்ஃபான்டினோ கடைசி நேரத்தில் நிறுத்தினார். நீல் ஆடம்ஸ் அவசரமாகத் திருத்தி எழுதி வரைந்து கொடுத்தார். ஹீரோ வெள்ளையனாகி ஜோஷுவா ஆனான். செலவு அதிகமான கட்டத்தில் வந்த ‘வேண்டாம்’ இது.

மைக்கோடு:
காமிக்ஸ் கோட் (வெளியீட்டாளர்களே அமைத்த தணிக்கை முறை) அலுவலகத்தையும் விட்டுவிடாதீர்கள். 1954 விதிகளிலேயே இனத்தை இழிவுபடுத்தக் கூடாது என்று எழுதியிருந்தது. ஆனாலும் இசி நிறுவனம் ‘ஜட்ஜ்மென்ட் டே’ கதையை இன்கிரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன் 33-இல் (1956) மறுபதிப்புச் செய்யப் போனபோது கோட் நிர்வாகி நீதிபதி சார்ல்ஸ் மர்ஃபி தடுத்தார். முதலில் 1953-இல் வந்த கதை அது. ஆரஞ்சு ரோபோ, நீல ரோபோ என்று பாகுபாடு பார்க்கும் கிரகத்தைச் சோதிக்க வந்த மனிதன், கப்பலேறிய பின் கடைசி பேனலில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான்: கறுப்பின முகம், வியர்வைத் துளிகள் நட்சத்திரம்போல் மின்னுகின்றன. மர்ஃபி அந்த நிறத்தை மாற்றச் சொன்னார். நிறம் மாறினால் கதையே கிடையாது. இசி உரிமையாளர் வில்லியம் கெய்ன்ஸ் மறுத்து அப்படியே அச்சிட்டார், இசியின் கடைசி காமிக்ஸ் இதழ் அது. சூப்பர்ஹீரோ இல்லை, ஆனாலும் முன்னுரையில் வேண்டும்.

ஜங்கிள் ஆக்‌ஷன் பற்றி: எழுத்தாளர் டான் மெக்ரெகர் 6-ஆம் இதழில் (1973) தொடங்கினார். வெள்ளையர் எங்கே என்று எடிட்டோரியலில் கேட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். வெளியுலகுக்குக் கதவடைத்த ஆப்பிரிக்க நாட்டில் வெள்ளையர் எங்கிருந்து வருவார்கள்! 19-ஆம் இதழில் பேந்தரை ஜார்ஜியாவுக்குக் கொண்டுபோய் கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலோடு மோதவிட்டார். 21-ஆம் இதழ் அட்டையில் பேந்தர் எரியும் சிலுவையில் கட்டப்பட்டிருப்பார். 24-ஆம் இதழோடு கதை பாதியில் நின்றது, அடுத்து 1977 ஜனவரியில் கிர்பியின் புதுத் தொடர், கிளான் பற்றி மூச்சே இல்லை. முடிவை எட் ஹானிகன்தான் மார்வெல் பிரீமியர் 51–53-இல் எழுதினார்.

ஆனால் எல்லாவற்றையும் எடிட்டர் தலையில் கட்டாதீர்கள். கேப்டன் அமெரிக்காவின் கறுப்பினக் கூட்டாளி ஃபால்கனை ரவுடியாக மாற்றிய கேப்டன் அமெரிக்கா 186 (1975) கதைத்திட்டம் எழுத்தாளர் ஸ்டீவ் எங்கல்ஹார்ட்டுடையது. மறுபக்கம், டிசி ‘பிளாக் பாம்பர்’ என்று ஒன்றை வெளியிட இருந்தது: கறுப்பினத்தவரை வெறுக்கும் வெள்ளையன், நெருக்கடி வந்தால் கறுப்பின ஹீரோவாக மாறுவான். ஸ்கிரிப்ட்களே தயாராகிவிட்டன. டோனி இசபெல்லா வாதாடி நிறுத்தி, அந்த இடத்தில் பிளாக் லைட்னிங்கைக் கொடுத்தார் (1977).

பேனல்பித்தன்:
மிக்க நன்றி மூவருக்கும். இவற்றில் பல பேட்டி ஆதாரம்தானே, அதுவும் 20, 30 வருடம் கழித்து. வலுவாக நிற்குமா? நிறத்தை ஒப்பிட மறுபதிப்புத் தொகுப்புகள் போதுமா?

நான்குவண்ணம்:
பேட்டி தாமதமாக வருவதற்குக் காரணம் உண்டு. 2009-இல் டுவெய்ன் மெக்டஃபி ஜஸ்டிஸ் லீக் எழுதிக்கொண்டிருந்தபோது, எடிட்டோரியல் கட்டளைகள் பற்றி வாசகர் மன்றத்தில் வெளிப்படையாகப் பதில் சொன்னார். அவை தொகுக்கப்பட்டு வெளியானதும் வேலை போனது. வேலையில் இருக்கும்போது பேசுபவர் குறைவு. அதனால் ஒவ்வொன்றிலும் ‘இன்னார் சொன்னது’ என்று பெயர் போட்டு எழுதுங்கள். இதழ் எண், நிறம், இதழில் அச்சான படைப்பாளர் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றை மட்டும் நேரடி உண்மையாக எழுதுங்கள்.

மறுபதிப்பை நிறத்துக்கு நம்பாதீர்கள். பெரும்பாலும் வண்ணத்தைப் புதிதாகச் செய்திருப்பார்கள், சாம்பல் முகம் நல்ல பழுப்பாகிவிடும். மூல இதழ், அல்லது காகிதத்தின் மஞ்சளோடு ஸ்கேன் செய்த கோப்புதான் வேண்டும். கதைக்கு மட்டும் தொகுப்பு போதும், ஜங்கிள் ஆக்‌ஷன் 6–24 மார்வெல் மாஸ்டர்வொர்க்ஸ் மறுபதிப்பு வரிசையின் பிளாக் பேந்தர் முதல் தொகுதியில் இருக்கிறது.

மைக்கோடு:
தனி இதழாக வாங்கினால் 23-ஐ விட்டுவிடலாம். அது டேர்டெவில் 69-இன் மறுபதிப்பு, கிளான் கதையில் ஒரு பக்கம்கூட அதில் இல்லை.