ரிமோட் பக்கியின் பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் ஒத்துவர மாட்டேன் என்கின்றன

வணக்கம் மக்கா, எனக்கு நாகர்கோவில் பக்கம். 1/10 அளவு ரிமோட் பக்கியை (மணல், மேடு பள்ளத்தில் ஓட்டும் குட்டிக் கார்) ஞாயிறு சாயங்காலம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் ஓட்டுவேன். அந்தக் கறுப்பு மணல் மாவு மாதிரி; ஷாக்கின் ஷாஃப்டில் (உள்ளே வெளியே போய்வரும் கம்பி) ஒட்டி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஓ-ரிங்கைத் தேய்த்துவிடுகிறது. பின் ஷாக் இரண்டும் கசிந்தன.

புது ரிங் போட்டு, 350 சிஎஸ்டி (எண்ணெயின் கெட்டித்தன்மை அளவு) சிலிகான் எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, குமிழி அடங்கப் பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்துத்தான் மூடினேன். ஆனாலும் ஒன்றைக் காதருகே வைத்து அமுக்கினால் 'சளக் சளக்'. உள்ளே காற்றுதான். மற்றதில் எண்ணெய் கூடிவிட்டது போல, அமுக்கி விட்டதும் ஷாஃப்ட் முழுசாக வெளியே வருகிறது. மேட்டிலிருந்து குதித்தால் வண்டி ஒரு பக்கமாகத் துள்ளுகிறது. ஸ்பிரிங்கை மாற்றச் சொல்கிறான் தம்பி; எனக்கென்னவோ ஸ்பிரிங் மேல் சந்தேகமில்லை.

மூடும்போது ஷாஃப்டை எவ்வளவு உள்ளே தள்ளி வைப்பீர்கள்? ஷாஃப்டை மூடும் ரப்பர் பூட் (உறை) மணலுக்குத் தாங்குமா? அப்புறம், மார்த்தாண்டம் பக்கம் சிலிகான் ஓ-ரிங் எங்கே கிடைக்கும்?

பைக் ஃபோர்க் எண்ணெயை மட்டும் சொல்லாதீர்கள். ஊற்றிப் பார்த்தாயிற்று, ரிங் ஊறி உப்பிவிட்டது.