கருப்பு பேக்ரவுண்ட் போட்டதும் நியான் க்ளோ காணாமப் போகுது, உதவுங்க

கேள்வி:
ரெண்டு நாளா மண்டை காயுது மக்களே. டிராயிங் ஆப்ல பிங்க் கலர்ல நியான் எழுத்து வரையுறேன், முதல்ல சாம்பல் பேக்ரவுண்ட்ல போட்டேன், சாக்பீஸ் தேய்ச்ச மாதிரி இருந்துச்சு. இருட்டுலதான் நியான் எடுபடும்னு சொல்றாங்களேன்னு சுத்தக் கருப்பு (0,0,0, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூணும் 0; உச்சம் 255) போட்டா இப்ப க்ளோவே, அதான் எழுத்தைச் சுத்தி வர்ற ஒளி, காணோம்! க்ளோ லேயரோட மோடு (கீழ இருக்கிற கலரோட கலக்குற விதம்) கலர் டாட்ஜ்ல இருக்கு, ஒபாசிட்டி (லேயர் எவ்ளோ அழுத்தமா தெரியணும்ங்கிறது) 100. எங்க தப்பு பண்றேன்?

பதில் 1:
ஒபாசிட்டிய ஏத்திப் பாருங்க ப்ரோ.

பதில் 2:
100ன்னு அவரே எழுதிருக்காரு, படிச்சிட்டு சொல்லுங்கப்பா.

ப்ரோ, கலர் டாட்ஜோட குணமே அதுதான், கீழ இருக்கிற கலரைத்தான் அது மடங்கு மடங்கா ஏத்தும், கீழ 0 இருந்தா எத்தனை மடங்கு ஏத்தினாலும் 0 தானே. லேயரை ஆட் மோடுக்கு மாத்துங்க (சில ஆப்ல லீனியர் டாட்ஜ்னு இருக்கும்), ஸ்க்ரீனும் ஓகே, ரெண்டும் கருப்பு மேல வேலை செய்யும். சாம்பல்ல சொதப்பினதுக்கு காரணம் வேற, அது 128லயே ஆரம்பிக்குது, 255 வரைக்கும் ஏற பாதி இடம்தான் மிச்சம், அதான் வெளுத்துப் போச்சு.

ஆனா நான் சுத்தக் கருப்பே வேணாம்னுதான் சொல்வேன். 18,14,38 மாதிரி நீலம் கலந்த இருட்டு போட்டு அது மேல மங்கலா செங்கல் சுவரோ ஈரத் தரையோ வரைங்க, வெளிச்சம் விழ ஒரு இடம் வேணும்ல, சுவர்ல அந்த பிங்க் வழியுறதைப் பாத்துதான் கண்ணு இது எரியுற லைட்டுன்னு நம்பும். எழுத்தோட நடுவையும் பிங்க்கா விடாதீங்க, கிட்டத்தட்ட வெள்ளையா வைங்க, சுத்திதான் பிங்க்.

கேட்டவர்:
ஆட் போட்டும் ஒண்ணும் ஆகலயே?

பதில் 2:
க்ளோவ மட்டும் தனி குரூப்ல வெச்சிருக்கீங்களா? அந்த குரூப்பும் கலர் டாட்ஜ்ல இருந்தா உள்ள லேயரை எப்படி மாத்தினாலும் கருப்பு மேல ஒண்ணும் தெரியாது. குரூப்பை பாஸ் த்ரூ ஆக்குங்க (உள்ள இருக்கிற லேயரோட மோடே நேரா பேக்ரவுண்ட் மேல வேலை செய்யும்), இல்ல லேயரை வெளிய இழுங்க.

கேட்டவர்:
அட ஆமா, குரூப்தான்! வந்துடுச்சு, செம. ஆனா க்ளோ மங்குற இடத்துல வளையம் வளையமா கோடு தெரியுதே...

பதில் 3:
பேண்டிங் அது. 8 பிட் ஃபைல்ல ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்ணும் ஒரு சேனல்) 256 படிதான், இருட்டுப் பக்கம் நாலஞ்சு படிய அவ்ளோ பெரிய ஏரியாவுல இழுத்து விடுறீங்க, படி தெரியத்தான் செய்யும். ஃபைலை 16 பிட்டுக்கு மாத்தி மேல லேசா நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) தூவுங்க, 2 சதவீதம் போதும், ஏன்னா எக்ஸ்போர்ட் பண்றப்போ திரும்ப 8 பிட்டுக்குத்தான் வரும், அப்ப நாய்ஸ்தான் காப்பாத்தும்.

கேட்டவர்:
நாய்ஸ் போட்டேன், கோடு போச்சு. அந்த சாம்பல் வெர்ஷனை இப்ப பாத்தா சிரிப்பா வருது.