முன் ஷொக் ஒயில் கசிவு: சீல் மாத்தியும் நிக்காத கதை

நோர்வூட்காரன்:
முன் ஷொக்கில் ஒயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், அதாவது ஒயில் சீல் பற்றி அடிக்கடி கேள்வி வருவதால் என் கதையையும் போட்டு வைக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி பதினோரு வருடப் பழசு, இந்திய 150 சிசி மோட்டார் சைக்கிள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள், அதுவரை மாற்ற வேண்டிய வண்டியைத் தட்டிக்கொட்டி ஓட்டியவர்களில் நானும் ஒருவன். போன ஜூன் மழையில் வட்டவளை தாண்டிக் கினிகத்தேனைக்கு இறங்கும்போது முன் பிரேக் பிடித்தால் பிடிக்கவே இல்லை. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் ஷொக்கிலிருந்து ஒயில் வழிந்து டிஸ்க் வரை வந்திருக்கிறது. மீதி இறக்கம் முழுக்கப் பின் பிரேக்கையும் இரண்டாம் கியரையும் நம்பி, பின்னால் வந்த பஸ்காரரின் ஹோர்னை வாங்கிக் கட்டிக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

டவுன் கராஜில் சீல் மாற்றினேன். பதினைந்தே நாள், மறுபடியும் கசிவு. சீல் போலி என்று முடிவுகட்டி, விடியற்காலை பஸ் ஏறிக் கொழும்பு போனேன், பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு. மாடலைச் சொன்னதும் மூன்றாவது கடையில் எடுத்துத் தந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வைத்தால் சீல் உள்ளே உட்காருகிறது, ஆனால் மேலே லொக் ரிங் பூட்டுகிற காடி பாதி மூடிப்போகிறது, உயரம் ஒரு மில்லிமீட்டர் கூட. ஒயில் சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், உயரம். பழைய சீலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் ஒரு நாள் சம்பளம் மிச்சம்.

கடைசியில் மஸ்கெலியா பக்கம் ஒரு வயதான கராஜ் பாஸிடம் (மெக்கானிக்) போனேன். அவர் சீலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீலுக்குள் ஏறி இறங்கும் ஷொக் பைப்பைத் துணியால் துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தார். ஓரிடத்தில் நகம் தடுக்கியது. "இங்க கைய வைங்க தம்பி" என்றார். கடுகில் பாதிகூட இல்லை, துருப்பிடித்த ஒரு குழி. நம்ம ஊர் ஈரத்துக்கும் பனிக்கும் வண்டியை வெளியே போட்டால் வேறென்ன வரும். "சீல் வெறும் ரப்பர். இது அரம் மாதிரி. எத்தன போட்டாலும் அறுத்துக்கிட்டே இருக்கும்."

குழியில் அரால்டைட் பசை வைத்து ஒரு நாள் காயவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார், நகம் வழுக்கிப்போகும் வரை. பைப்பின் நுனியில் பொலித்தீன் பையைச் சுற்றி, அதன்மேல் ஒயில் தடவித்தான் புதுச் சீலை இறக்கினார், நுனி கூர்மை சீலின் உதட்டை, அதாவது பைப்பை உரசும் ரப்பர் ஓரத்தைக் கிழித்துவிடுமாம். முதல் கராஜில் இதை யாரும் செய்யவில்லை. அடி போல்ட்டின் செப்பு வாஷரையும் மாற்றினார். ஒயில் குடித்த பிரேக் பேடைப் பெற்றோலில் கழுவிப் போடலாமா என்று கேட்டேன், பதில் சொல்லாமல் குப்பை வாளிக்குள் போட்டுவிட்டார். எட்டு மாதமாகப் பைப் காய்ந்தே இருக்கிறது.

லிந்துலை:
குழி இல்லாமலும் கசியும் அண்ணே. எங்கள் தோட்ட டிவிஷன் ரோடு பாதி சேறு, மீதி கல். அந்த மண் சீலின் உதட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய எக்ஸ்ரே படத்தை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ஓரத்தில் கொக்கி மாதிரி ஒரு வெட்டுப் போட்டு, டஸ்ட் கவரைத் தூக்கிவிட்டு அடியில் நுழைத்துச் சுற்றி இழுங்கள். கறுப்பாகச் சேறு வரும். எனக்கு இரண்டு தடவை இதிலேயே நின்றது, ஒரு பார்ட்ஸும் வாங்கவில்லை.

பண்டாரவளை:
என் தவறு வேறு. ஹப்புத்தளை ஏற்ற இறக்கத்துக்கு ஷொக் கெட்டியாக இருக்கட்டும் என்று, சொன்ன அளவைவிட ஒயிலைக் கூடுதலாக ஊற்றினேன். உள்ளே காற்றுக்கு இடமில்லாமல், பெரிய பள்ளத்தில் விழுந்ததும் அழுத்தம் ஏறிப் புதுச் சீலையே மேலே தள்ளிவிட்டது. இப்போது ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, பைப்பை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஒயில் மட்டம் எவ்வளவு கீழே என்று அடிமட்டத்தால் அளக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு, அதில் மட்டும் சமரசம் கிடையாது.

பதுளை கராஜ்:
நான் தொழில் செய்கிறவன், அதனால் சொல்கிறேன். அரால்டைட் சின்னக் குழிக்குச் சரி. சீல் உரசுகிற இடத்தில் வரிசையாகக் குழி இருந்தால் பைப்பையே மாற்றுங்கள், அல்லது ஹார்ட் குரோம் பூச்சுப் போடக் கொடுங்கள். பாவித்த பைப் வாங்குகிறவர்கள் கடைக் கண்ணாடி மேசையிலேயே உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் அடியில் வெளிச்சம் வந்து வந்து போகும். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. மேல் மூடியைக் கழற்றும்போது முகத்தை நேரே வைக்காதீர்கள், கீழே ஸ்பிரிங் அமுங்கியிருக்கிறது. அப்புறம், பின் ஷொக் கேஸ் டைப் என்றால் வீட்டில் திறக்கவே வேண்டாம், உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன்.

கொட்டகலை:
ஒரு பக்கம்தான் கசிகிறது. ஒரு சீல் மட்டும் மாற்றினால் போதுமா?

பதுளை கராஜ்:
இரண்டையும் மாற்றுங்கள். மற்றதுக்கும் அதே வயசுதானே.

நோர்வூட்காரன்:
லிந்துலை தம்பி, அடுத்த மழைக்கு முன்னால் தயாராக இருப்போம் என்று நானும் எக்ஸ்ரே தேடினேன். வீட்டில் இருப்பது அம்மாவின் முழங்கால் படம் ஒன்றுதான். டொக்டர் திரும்பக் கேட்பார், தரமாட்டேன் என்று அம்மா தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.