45 எச்பி மெசின், 20 தட்டு டிஸ்க் இழுக்க மாட்டேங்குது. அவசரம்

ஊவா_மண்:
அண்ணன்மாரே, 45 எச்பி டிராக்டருக்கு 20 தட்டு டிஸ்க் (பின்னால கட்டி இழுத்து, வட்டத் தட்டால மண்ணை வெட்டுற சாமான்) ஒன்னு போன கிழமை செகண்ட் ஹேண்டுல வாங்குனேன். இந்த எச்பிக்குத் தாராளமா போதும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. காணியில இறக்குனா இழுக்க மாட்டேங்குது. மழைக்கு முந்தி கிழங்கு போடணும். என்ன செய்யலாம்?

ஹட்டன்_மெக்கானிக்:
டீசல் ஃபில்டர் மாத்துங்க. என்கிட்ட இப்படின்னு வர்ற மெசின்ல பாதிக்கு மேல அதுதான். ஏர் கிளீனரையும் கழட்டிப் பாருங்க.

தலவாக்கலை_பிள்ளை:
என்ன மெசின்? டூ வீலா, ஃபோர் வீலா, அதாவது பின் சில்லு மட்டும் இழுக்குமா, நாலும் இழுக்குமா? தட்டு எத்தனை இஞ்சி, டிஸ்க் எத்தனை கிலோ? காணி சமதரையா, சரிவா? முதல்ல கலப்பை போட்டீங்களா? ஒன்னுமே சொல்லாம கேட்டா என்னத்த சொல்றது தம்பி.

கிளி_வயல்:
இது அரிச்சுவடி. முன் வரிசையில 10 தட்டு, 9 இஞ்சி இடைவெளி, அகலம் ஏறக்குறைய 7 அடி. அடிக்கு 6 எச்பி வைச்சால் 42. உம்மட மெசினுக்குப் பொருந்துது. 30 வருசமா வயலில நிக்கிறன். ஓட்டத் தெரியாட்டி சாமானைக் குறை சொல்லக்கூடாது தம்பி.

வெலிமட_கிழங்கு:
ஐயா, அந்தக் கணக்கு கிளிநொச்சி மாதிரி தாழ்வான சமதரைக்குச் சரி. தம்பி பேரைப் பாத்தா ஊவாப் பக்கம், மலைநாடு. டர்போ (காத்தை அமுக்கி உள்ள தள்ளுறது) இல்லாத இன்ஜின் 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 3 வீதம் பலம் இழக்கும். பண்டாரவளை 1,200 மீட்டருக்கு மேல, அங்க 45ன்னு எழுதுனது 40தான். நுவரெலியா 1,868 மீட்டர், 37 தேறுனா பெரிசு. தம்பி, ஒன்னு மட்டும் முதல்ல சொல்லுங்க: இழுக்காதப்போ இன்ஜின் அமுங்கி கறுப்புப் புகை தள்ளுதா, இல்ல இன்ஜின் நல்லா இருந்து டயர் சும்மா சுத்துதா? இது ரெண்டும் வேற வேற வியாதி.

ஊவா_மண்:
பண்டாரவளைதான் அண்ணே. எம்எஃப் (மெசி ஃபெர்குசன்) 240, டூ வீல். தட்டு 22 இஞ்சி, ஓரம் பல்லு வெட்டுனது. எடை தெரியாது, நாலு பேர் சேர்ந்தும் அசைக்க முடியல. ரெண்டு வருசம் சும்மா கிடந்த காணி, நேரா டிஸ்க்தான் போட்டேன். டயர் சுத்துது, புகை இல்ல. மேல ஏறும்போது முன் சில்லு லேசா எழும்புது.

தலவாக்கலை_பிள்ளை:
நிறுத்துங்க தம்பி! முன் சில்லு எழும்புனா ஸ்டியரிங் உங்க கையில இல்ல. சரிவுல பின்னால மல்லாந்தா குதிக்க நேரம் இருக்காது. முன்னால வெயிட் போடாம இனி ஏறாதீங்க. வேலை ரெண்டு நாள் பிந்துனா பிந்தட்டும்.

வெலிமட_கிழங்கு:
அவர் சொல்றதை முதல்ல செய்யுங்க. அப்புறம் டிஸ்க்கை நிறுவைக்குக் கொண்டுபோய் எடையைத் தட்டு எண்ணிக்கையால வகுங்க. தட்டுக்கு 25 கிலோ கிட்டன்னா லேசான டிஸ்க், அடிக்கு 5, 6 எச்பி கணக்கு அதுக்குத்தான். 40 தாண்டுனா கனம். ஆழமா வெட்டும், அடிக்கு 8, 10 எச்பி கேக்கும். உங்களது ரெண்டாவது வகைன்னு நினைக்கிறேன்.

சரிவையும் சேருங்க. மெசினும் டிஸ்க்கும் 2,700 கிலோன்னு வைங்க. 100 அடிக்கு 10 அடி ஏத்தம்னா மணிக்கு 5 கிலோமீட்டர்ல ஏறவே ஏறக்குறைய 5 எச்பி போயிரும், மண்ணை ஒரு இஞ்சி வெட்டாமலே. இளகின மண்ணுல டூ வீல் மெசின் இன்ஜின் பலத்துல பாதி கிட்டதான் பின்னால இழுக்குற கொக்கிக்கு வரும், மிச்சம் டயர்லயே போயிரும். உங்க மெசின் தோக்கல, மண்ணுல பிடி இல்ல. ஃபில்டர் மாத்தி இது சரிவராது.

டிஸ்க் வரிசைகளோட கோணத்தைக் குறைங்க. ஆழம் குறையும், இழுவையும் குறையும். முன்னால ரெண்டு, பின்னால ரெண்டுன்னு நாலு வரிசையிலும் வெளிப்பக்கத்துத் தட்டைக் கழட்டி 16 ஆக்கலாம். கிடந்த காணிக்கு முதல்ல கலப்பை, பிறகுதான் டிஸ்க். சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்க. ஆனா குறுக்கே ஓட்ட முடியாத அளவு சரிவுன்னா அது நாலு சில்லு மெசின் போற இடமே இல்ல.

ஹட்டன்_மெக்கானிக்:
புகை இல்லன்னா நான் சொன்னது பிழை, ஒத்துக்கிறேன். டிஸ்க்கை வித்துட்டு 5 அடி ரொட்டவேட்டர் (சுத்துற கத்தியால மண்ணைக் கிளறுறது) வாங்குங்க. பிடிஓவுல, அதாவது இன்ஜின் பலத்தைப் பின்னால கொண்டுவர்ற தண்டுல சுத்துது, கத்தியே மெசினை முன்னால தள்ளும். டயர் வழுக்குற பேச்சே இல்ல.

தலவாக்கலை_பிள்ளை:
சரிவுல ரொட்டவேட்டரா? மண்ணை மாவாக்கிட்டா ஒரு மழையில ஆத்துல கிடக்கும். உமா ஓயா ஆறு அள்ளிட்டுப் போன மண்ணு ரந்தம்பை நீர்த்தேக்கத்துல படிஞ்சு கிடக்குறது தெரியாதா? 1951லயே மண் பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க, இன்னும் மேலயிருந்து கீழ வரைக்கும் உழுறோம்.

ஹட்டன்_மெக்கானிக்:
டிஸ்க் மட்டும் மண்ணைக் கட்டிப் பிடிச்சு வைக்குதா? அதை ரெண்டு மூனு தரம் போட்டா அதுவும் மாவுதான். ரொட்டவேட்டர் ஒரே தரத்துல முடியும். கல்லு வாய்க்காலும் வரம்பும் ஒழுங்கா இருந்தா எதைப் போட்டாலும் மண்ணு நிக்கும்.

கிளி_வயல்:
உயரத்தில பலம் குறையும் எண்டது நான் நினைச்சுப் பார்க்காத விசயம். இஞ்ச அது தேவைப்படேல்லை. ஆனால் கனமான டிஸ்க்குக்கு அடிக்கு 8 வேணும் எண்டால், தட்டு எண்ணிக்கையை மட்டும் சொல்லி வித்தவர் செய்தது பிழை. தம்பி, டயரில தண்ணி நிரப்பிப் பாரும், எடை கூடிப் பிடி வரும்.

வெலிமட_கிழங்கு:
சரிவுல தண்ணி வேணாம் ஐயா. அந்த எடையையும் மெசின்தான் மேல தூக்கணும், இறங்கும்போது பிரேக்தான் தாங்கணும்.

ஊவா_மண் (5 நாளுக்குப் பிறகு):
டிஸ்க் 820 கிலோ. தட்டுக்கு 41. நாலு தட்டு கழட்டி, கோணம் குறைச்சு, முன்னால வெயிட் போட்டு குறுக்கே ஓட்டுனேன். இழுக்குது. முன் சில்லு எழும்பல. மேல் பக்கத்துக் கால் ஏக்கரை மட்டும் கைமெசினுக்கு (பின்னால நடந்து ஓட்டுற ரெண்டு சில்லு மெசின்) விட்டுட்டேன். நன்றி அண்ணே, மழை கறுத்துட்டு வருது, போறேன்.

தலவாக்கலை_பிள்ளை:
கழட்டுன இடத்துல நட்டை இறுக்கினீங்களா? பேரிங்குக்கு கிரீஸ் அடிச்சீங்களா?