பிரதேச சபைத் தவிசாளர் தெரிவு: ஓசைப்படாமல் ஆதரவு திரட்டுவது எப்படி?

கேள்வி (இலங்கை மலையகம்):
16 பேர் சபை, எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல் இல்லை. எங்களிடம் 6. மிச்சத்தை எப்படிச் சேர்ப்பது?

பதில் 1:
பாதிக்கு மேல் இருந்தால் தவிசாளர் (சபைத் தலைவர்) பெயரைக் கட்சியே கொடுத்துவிடும். இல்லாததால் உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டும் முதல் அமர்வில் வாக்கெடுப்பு. 9 வேண்டும். 8க்கு 8 என்றால் சீட்டுக் குலுக்கல்தான், தம்பி.
சுயேச்சைக் குழுவிடம் முதலில் போங்கள். உப தவிசாளர் பதவியை ஒருவருக்கு மட்டும் சொல்லுங்கள். இரண்டு பேருக்குச் சொன்னால் அன்று மாலையே டிவிஷன் முழுக்கத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு லயத்துப் (தோட்டக் குடியிருப்பு வரிசை) பாதை, தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு என்று வட்டாரக் கணக்கில் பேசுங்கள்.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஆள் கணக்கு பார்க்குமுன் வாக்கு முறையைப் பாருங்கள். பகிரங்கமா இரகசியமா என்பதையும் உறுப்பினர்கள்தான் வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். மற்றக் கட்சிக்காரர் உங்கள் பக்கம் சாய்வதானால் இரகசிய வாக்கைத்தான் கேட்பார். பகிரங்கமாகக் கை தூக்கினால் கட்சி நீக்கி, ஆசனமே போகலாம். அதே இரகசியம் உங்கள் ஆறில் மாறி வாக்களிக்கும் ஒருவரையும் மறைக்கும். அதனால் 9 போதாது, 10 வைத்துக்கொள்ளுங்கள்.
பாதிப் பேராவது வராவிட்டால் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வரவு) இல்லை, அமர்வு தள்ளிப்போகும். எதிர்த்தரப்பு வெளியே நின்றே காலம் கடத்தும்.

பதில் 3:
காசுப் பேச்சு மட்டும் வேண்டாம், அது இலஞ்சக் குற்றம். வருட முடிவில் வரவு செலவுத் திட்டத்துக்கும் இதே கைகள் வேண்டும்.