80 சதவீத பேட்டரி என்றால் கைப்பேசி செத்துவிட்டதா?

தாமிரபரணி:
கணக்கன் என்பவர் நேற்று இன்னோர் இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய கைப்பேசி செத்த கைப்பேசி; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாதவர்கள் ஏமாளிகள்" என்று தீர்ப்பே வழங்கியிருக்கிறார். பாளையங்கோட்டையில் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: 80 சதவீதம் என்றால், புதிதில் பிடித்த சார்ஜில் ஐந்தில் நான்கு பங்கை பேட்டரி இன்னும் பிடிக்கிறது என்று பொருள். காலை எட்டு மணிக்கு முழு சார்ஜுடன் எடுத்துச் சென்று இரவு பத்து மணி வரை பயன்படுத்தியவர், இப்போது ஏழு மணிக்கே சார்ஜரைத் தேடுவார். இந்த மூன்று மணி நேரத்துக்காகத் திரை, கேமரா, போர்டு எல்லாம் நன்றாக உள்ள ஒரு பொருளைத் தலைமுழுகச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

கணக்கன்:
என் பெயரைச் சொல்லி இழை தொடங்கியதற்கு நன்றி. 80 என்ற எண்ணை நான் கனவில் கண்டு எழுதவில்லை. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழு சுழற்சிகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிளே சொல்கிறது. ஐபோன் 15-க்கு அதை 1000 சுழற்சிகள் என்று 2024-இல் உயர்த்தி அறிவித்தது. தயாரித்தவரே கோடு கிழித்துக் காட்டும்போது, அந்தக் கோட்டுக்குக் கீழே போன கைப்பேசியை உயிருள்ளது என்று சொல்லப் பழுதுபார்ப்பவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆர்வம் என்பது எல்லோருக்கும் புரியும். நாளொன்றுக்கு ஒரு முழு சார்ஜ் என்றால் 500 சுழற்சிகள் ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். எனவே இரண்டு ஆண்டு என்று நான் சொன்னது தாராளமான கணக்கு.

தாமிரபரணி:
சுழற்சி என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரியாமலே கணக்கன் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுழற்சி. இரவில் 40-இல் செருகி 100-இல் எடுப்பவருக்கு ஒரு நாளில் ஒரு சுழற்சி முடிவதில்லை. நம் ஊரில் பேட்டரியை உண்மையில் கொல்வது வெயில். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை என்று அதே ஆப்பிள்தான் சொல்கிறது. சித்திரை வெயிலில் பைக்கின் கைப்பிடியில் கைப்பேசியை மாட்டி, வரைபடத்தையும் ஓடவிட்டு, சார்ஜும் ஏற்றிக்கொண்டே போகிற டெலிவரிப் பையன்களின் கைப்பேசியைத் திறந்து பாருங்கள். பேட்டரியின் உறை தலையணைபோல் உப்பி, திரையின் ஓரத்தைத் தூக்கி, அந்த இடுக்கில் வெளிச்சம் கசியும். அதைக்கூட நான் செத்த கைப்பேசி என்று சொல்வதில்லை. திரையைச் சூடாக்கித் தூக்கி, அடியில் ஒட்டியிருக்கும் பசைப்பட்டையை அறுந்துவிடாமல் மெதுவாக இழுத்து எடுத்து, புதிய பேட்டரியை வைத்து மூடினால் மறுநாள் அந்தப் பையன் வேலைக்குப் போகிறான்.

காப்பரண்:
நீங்கள் இருவரும் பேட்டரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். கைப்பேசியின் ஆயுளைத் தீர்மானிப்பது, மென்பொருள் ஓட்டைகளை அடைக்க நிறுவனம் அனுப்பும் பாதுகாப்புப் புதுப்பிப்பு. 2015-இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை ஆண்ட்ராய்டில் வெளிப்பட்ட பிறகுதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கியது. 2023-இல் வந்த கூகுளின் பிக்சல் 8-க்கும் 2024-இல் வந்த சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். மலிவு விலைக் கைப்பேசிகள் பலவற்றுக்கு அதில் பாதிகூடக் கிடையாது. வங்கிச் செயலியும் யுபிஐயும் இருக்கும் கைப்பேசியில் புதுப்பிப்பு நின்றுவிட்டால், பேட்டரி 95 சதவீதம் இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கணக்கன்:
ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு கிடைக்கும், ஆனால் அதுவரை பேட்டரி 80-இல் நிற்காதே. நான் சொன்னதற்கே வருகிறீர்கள்.

காப்பரண்:
நான் சொன்னதில் ஒரு வரியைக்கூட நீங்கள் படிக்கவில்லை. பிப்ரவரியில் மடிக்கணினி இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

கணக்கன்:
அந்த இழையில் நீங்கள் பரிந்துரைத்த மடிக்கணினியை வாங்கியவர்கள் இன்றும் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி வேண்டுமானால் பேசுவோம். இப்போது பேட்டரிக்கு வருகிறேன். 2017 டிசம்பரில் என்ன நடந்தது என்பதைத் தாமிரபரணி வசதியாக மறந்துவிட்டார். பேட்டரி தேய்ந்த ஐபோன் 6, 6எஸ், எஸ்இ, 7 ஆகியவற்றின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதைப் பயனாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லாததற்காக 2020-இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. பேட்டரி தளர்ந்தால் கைப்பேசியே தளர்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தாமிரபரணி:
நான் மறக்கவில்லை, அந்த நாட்களில் என் கடையில் உட்கார இடமில்லை. பேட்டரி தேயும்போது அதன் உள்மின்தடை ஏறுகிறது, கேமராவைத் திறந்ததும் பிராசசர் ஒரே மூச்சில் அதிக மின்சாரம் கேட்கும், மின்னழுத்தம் சட்டென்று விழும், கைப்பேசி அணைந்துவிடும். அந்த அணைவைத் தவிர்க்கத்தான் வேகத்தைக் குறைத்தார்கள். விஷயம் வெளியானதும் ஆப்பிள் என்ன செய்தது என்பதை மட்டும் நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. பேட்டரியை மாற்றியவர்களுக்குப் பழைய வேகம் திரும்பக் கிடைத்தது. செத்த பொருளுக்கு வேகம் திரும்புமா? ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கும் விதியிலும் உங்கள் 80 இருக்கிறது: 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறார்கள். அதே விதியில்தான் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். 80 வந்தால் கைப்பேசியைப் புதைத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தால், யாருக்காக அந்த உதிரிபாகத்தை வைத்திருக்கச் சொல்கிறார்கள்?

நெய்தல்:
உதிரிபாகத்தைப் பற்றிப் பேசும் தாமிரபரணி அவர்களே, தெருக்கடைகளில் போடும் பேட்டரியின் தரத்தைப் பற்றியும் சொல்லுங்கள். எங்கள் ஊர்க் கடை ஒன்றில் "ஒரிஜினல்" என்று சத்தியம் செய்து போட்டுக் கொடுத்த பேட்டரி சில மாதங்களிலேயே உப்பிவிட்டது. கைப்பேசியைத் திறந்து மூடியதால் நீர் புகாத தன்மையும் போய்விட்டது. அதன் பிறகு பழுதுபார்ப்பு என்ற பேச்சையே நான் எடுப்பதில்லை.

தாமிரபரணி:
போலி பேட்டரி போடுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்கள் தொடங்கி ஐபோனில் ஆப்பிளுடையது அல்லாத பேட்டரி போட்டால் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) எச்சரிக்கையே காட்டும். அதைப் பார்த்துக் கடைக்காரனிடம் கேளுங்கள். திரையைத் திறந்தால், நீர் புகாமல் தடுக்கும் ஓரத்து ஒட்டுப்பட்டையையும் புதிதாகப் போட வேண்டும். அந்தச் சில்லறைக் காசை மிச்சம் பிடிக்கும் கடைக்கு மறுபடி போகாதீர்கள். ஒரு கடையில் சாம்பார் ஊசிப்போனது என்பதற்காக ஊரே சமையலை நிறுத்துவதில்லை.

கணக்கன்:
பணக் கணக்குக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு ஆண்டில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் நல்ல விலை கிடைக்கிறது. மீதியை வட்டியில்லா இஎம்ஐ-இல் கட்டிவிடலாம். பேட்டரி 80-க்குக் கீழே போன பிறகு கொண்டுபோனால் எவரும் மதிப்பதில்லை.

தாமிரபரணி:
பதில் இதோ. அறுபதாயிரத்துக்கு வாங்கி, இரண்டு ஆண்டில் இருபதாயிரத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இருபதாயிரம் கரைகிறது. அதே கைப்பேசியை ஐந்து ஆண்டு வைத்திருந்து, நடுவில் ஐயாயிரம் செலவழித்துப் பேட்டரியை மாற்றி, கடைசியில் சும்மா கொடுத்துவிட்டாலும் ஆண்டுக்குப் பதின்மூன்றாயிரம்தான். வட்டியில்லா இஎம்ஐ என்று ஒன்று கிடையாது. வட்டிக்கு ஈடான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியை உங்கள் அட்டையில் போடுகிறார்கள். 2013-இலேயே ரிசர்வ் வங்கி பூஜ்ய வட்டித் திட்டங்களைக் கண்டித்துச் சுற்றறிக்கை அனுப்பியது.

நெய்தல்:
ஆப்பிளின் சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் பார்த்தால், ஒரு ஐபோனின் வாழ்நாள் கார்பன் உமிழ்வில் ஏறக்குறைய 80 சதவீதம் அதைத் தயாரிக்கும்போதே நடந்துவிடுகிறது என்று தெரிகிறது. பழுதுபார்ப்பின் மீது எனக்குக் கோபம் இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்கன்:
உமிழ்வைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. நான் கேட்பது பேட்டரியின் 80.

காப்பரண்:
மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்: உங்கள் கைப்பேசிக்குக் கடைசியாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தது எப்போது?

தாமிரபரணி:
காப்பரண், உங்கள் கேள்விக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து பேசுகிறேன். இங்கே முதலில் கணக்கன், 80 சதவீதப் பேட்டரியோடு என் மேசையில் இந்த நிமிடமும் அழைப்பு எடுத்துக்கொண்டிருக்கும் கைப்பேசியை எந்த ஆதாரத்தில் செத்தது என்று எழுதினார் என்று சொல்லட்டும்.

கணக்கன்:
ஆதாரம் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். தயாரிப்பாளரே கிழித்த கோடு அது. மேலே ஏறிப் படியுங்கள்.

தாமிரபரணி:
படித்துவிட்டேன். அதில் பேட்டரி என்று இருக்கிறது; கைப்பேசி என்று இல்லை.