மறு: ‘விண்டர் டயர்’ தமிழில் – ‘பனி’ வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

நம் அகராதிக்காக ‘விண்டர் டயர்’, அதாவது குளிர்நாடுகளில் குளிர்காலத்துக்கென்று காரில் மாட்டும் டயர், தமிழில் என்ன என்று கேட்டிருந்தீர்கள். பனிச்சக்கரம், பனிக்கால உருளிப்பட்டை, உறைபனி வட்டை என்று மூன்று சொற்கள் வந்துவிட்டன. மூன்றிலும் பனி இருக்கிறது. எனக்கு இடறுவது அதுதான்.

சூரிச்சில் பதினோரு வருடமாகக் கார் ஓட்டுகிறேன். ஒரு குளிர்காலத்தில் பனி கொட்டிக் கிடக்கும் சாலையில் வண்டியை எடுத்த நாட்களை எண்ணினால் பத்துகூடத் தேறாது. ஆனாலும் அக்டோபரில் நாலு டயரையும் மாற்றிவிடுவேன். மாற்றச் சொல்வது பனி இல்லை, குளிர். கோடை டயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே போனால் இறுக ஆரம்பிக்கும் என்பது இங்கே டயர்க்கடைக்காரர்கள் சொல்லும் கைக்கணக்கு. கறாரான எல்லை இல்லை, ஆனால் திசை சரி. காய்ந்து விறைத்த தோல்செருப்பைப் போட்டுக்கொண்டு ஈரமான சிமெண்ட் தரையில் நடந்தால் எப்படியோ அப்படித்தான் அந்த டயர் நடந்துகொள்ளும். விண்டர் டயரில் கலவையே வேறு. சிலிக்கா சேர்த்து, குளிரிலும் துவளும்படி செய்திருப்பார்கள். அதையே ஜூலை மாத வெயிலில் ஓட்டினால் குழைந்து தேயும், பிரேக் பிடித்தால் தள்ளிப் போய் நிற்கும். ஆக இந்த டயரின் உயிர் கலவையில் இருக்கிறது. பனியைப் பிடிப்பது அடுத்த வேலை.

இன்னொரு தொல்லை, நம்மூர்ப் ‘பனி’ எதையெல்லாம் குறிக்கிறது என்பது. புல்லில் நிற்பதும் பனி, மார்கழி விடியலில் கண்ணை மறைப்பதும் பனி, ஆல்ப்ஸில் முழங்காலளவு கிடப்பதும் பனி. திண்டிவனத்துக்காரரிடம் பனிக்கால டயர் என்றால் பனிமூட்டத்துக்கு மஞ்சள் விளக்கு பொருத்திய டயரோ என்று கேட்பார்.

எனவே பருவத்தைப் பிடிக்கலாம். ஜெர்மானியர்கள் இதற்கு ‘ஓவிலிருந்து ஓ வரை’ என்று ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள்: ஒக்டோபரிலிருந்து ஓஸ்டர்ன், அதாவது ஈஸ்டர், வரை. ஆஸ்திரியச் சட்டத்தில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை. அதற்குள் சாலையில் பனியோ சேறுபனியோ பனிக்கட்டியோ இருந்தால் விண்டர் டயர் கட்டாயம், பட்டன், அதாவது டயர் மேற்பரப்பின் வரிப்பள்ளம், 4 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். நம் பெரும்பொழுதுகளை இதன்மேல் வைத்துப் பாருங்கள். கூதிர் ஐப்பசி, கார்த்திகை. முன்பனி மார்கழி, தை. பின்பனி மாசி, பங்குனி. அக்டோபர் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிகிறது. ஆஸ்திரியாக்காரன் பங்குனி முடிந்து சித்திரை பிறந்த சூட்டோடு டயரைக் கழற்றுகிறான்!

இதில் டயர் மாற்றும் பருவம் கூதிர். குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுதுகள் கூதிரும் முன்பனியும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். மலைப்பாதைக்குப் போடும் டயருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் வாய்க்குமா? ஏட்டோடு செத்த சொல்லும் இல்லை. ‘கூதல்’ என்று இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. என் பரிந்துரை: கூதிர் டயர்.

பின்பாதியில் ‘டயர்’ ஏன் என்று ஒருவர் கேட்பார், தெரியும். வட்டை என்பது மாட்டுவண்டிச் சக்கரத்தின் மர விளிம்பு. அதன்மேல் காய்ச்சி இறக்கும் இரும்புப் பட்டைதான் ஆங்கிலேயர் அந்தக் காலத்தில் டயர் என்று சொன்னது. மாற்றுவதானால் பட்டை என்றுதான் மாற்ற வேண்டும். ஆனால் தெருவில் குச்சியால் தட்டி டயர் ஓட்டிய தலைமுறைகளுக்கு அது தமிழ்ச்சொல் ஆகி எவ்வளவோ காலம் ஆயிற்று. விட்டுவிடுங்கள்.

அடுத்து, பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் சுற்றி மாட்டும் சங்கிலிக்கு வருகிறேன். இங்கே பனி இருக்கட்டும். ‘பனிச்சங்கிலி’ என்றால் வேறு எதையும் யாரும் நினைக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், 1904இல் நியூயார்க் மாநிலத்துக் கானஸ்டோட்டா ஊர் ஹாரி வீட் இதற்குக் காப்புரிமை வாங்கியபோது தலைப்பில் ஸ்னோவும் இல்லை, செயினும் இல்லை. காற்றடைத்த டயருக்கான பிடிமானம் என்ற பொருளில்தான் வைத்தார். ‘பிடிசங்கிலி’ என்று எழுதிப் பார்த்தேன். கைவிலங்கு மாதிரி ஒலித்ததால் அடித்துவிட்டேன்.

ஆனால் பெயரைவிட விளக்கம் முக்கியம், அதில் ஒரு சொல் விடுபடக்கூடாது. மூன்று வருடம் முன்பு ஒரு ஜனவரி மாலை, பிவியோ ஊரைத் தாண்டி ஜூலியர் கணவாய்க்கு ஏறிக்கொண்டிருந்தோம். 2,284 மீட்டர் உயரம், குளிர்காலத்திலும் மூடாத பாதை. நீல வட்டப் பலகையில் சங்கிலி சுற்றிய டயர் படம் நின்றது. அந்தப் பலகைக்கு அப்பால் சங்கிலி இல்லாமல் போகக்கூடாது. ஊரிலிருந்து வந்திருந்த நண்பர் நான் மாட்டுகிறேன் என்று இறங்கினார். கையுறையோடு கொக்கி பிடிபடவில்லை. கழற்றினால் இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துப்போகிறது. பனியில் மண்டியிட்டு, செல்போனை வாயில் கவ்வி வெளிச்சம் காட்டி, அரைமணி நேரத்தில் மாட்டி முடித்தார். பின்சக்கரத்தில்! என் காரில் எஞ்சின் சுழற்றுவது முன்சக்கரத்தை. லாரியும் பஸ்ஸும் பார்த்து வளர்ந்த கண், பின்சக்கரம்தான் தள்ளும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறது. வண்டி அதே இடத்தில் முன்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. எல்லாம் கழற்றி முன்னால் மாட்டி, நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி, தளர்ந்ததை மறுபடி இறுக்கி, 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஏறினோம். ஆகவே அகராதி விளக்கத்தில் ‘எஞ்சின் சுழற்றும் சக்கரங்களில் மாட்டுவது’ என்று இருந்தாக வேண்டும். அந்தச் சக்கரத்துக்கு ‘உந்துசக்கரம்’ போதும்.

பட்டன் கட்டைகளில் கத்தியால் இழுத்ததுபோல மெல்லிய வெட்டுகள் இருக்குமே, அவற்றுக்குக் ‘கீறல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கீறல் பழுதுக்குரிய சொல், வாரண்டியில் சிக்கல் வரும். ‘கீற்று’ எனலாம். பனிக்கட்டியில் பிடிக்க ஆணி பதித்த டயருக்கு ‘ஆணி டயர்’ ஆகவே ஆகாது. டயரில் ஆணி என்றால் தமிழ்நாட்டில் பஞ்சர்.

சூரிச்சிலிருந்து

*

வணக்கம் அண்ணா,

ஒஸ்லோவிலிருந்து எழுதுகிறேன். ஆணி விஷயத்தை இரண்டு வரியில் தள்ளிவிட்டீர்கள். சுவிஸில் அது அபூர்வம், எங்களுக்கோ அன்றாடம். கடைக்குள் போனால் முதல் கேள்வியே ஆணி உள்ளதா, இல்லாததா என்பதுதான். ஆணி டயரோடு ஒஸ்லோ நகருக்குள் ஓடக் கட்டணம் கட்ட வேண்டும், தார் தேய்ந்து தூசி பறக்கிறதென்று. யப்பான் இதே தூசிக்காக 1990இல் சட்டமே போட்டது. அதற்குப் பிறகு அங்கே ‘ஆணியற்றது’ என்பதே ஒரு டயர்வகையின் பெயராகிவிட்டது. ஆகவே உங்கள் சொல் இல்லாமையையும் தாங்க வேண்டும்.

என் யோசனை: லாடம். லாட டயர், லாடமில் டயர். மாட்டுக்கும் குதிரைக்கும் நாலு காலிலும் அடிப்பது லாடம். இங்கே கார் என்றால் ஆணி டயரை நாலு சக்கரத்திலும் போட வேண்டும் என்பது விதி, இரண்டில் மட்டும் போட்டால் பிழை. சொல்லே விதியைச் சொல்லிக் கொடுக்கிறது.

‘கூதிர்’ பற்றி ஒரு எதிர்வாதம். பின்லாந்தில் 1934இல் பாரவண்டிகளுக்கு வந்த முதல் விண்டர் டயருக்குக் கெலிரெங்காஸ் என்று பெயர். ‘கெலி’ என்றால் பாதை இருக்கும் நிலை, பனி இல்லை. இதுவரை உங்கள் பக்கம். ஆனால் இரண்டு வருடம் கழித்துக் கார்களுக்கு வந்ததில் ‘லூமி’ சேர்ந்தது, அது பனியேதான். வாங்குகிற சனத்தின் கண்ணில் படுவது பனி. கலவை யாருக்குத் தெரியும்?

*

தங்கைக்கு,

லாடத்துக்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ‘லாடமில்’ மட்டும் பில் போடும் மேசையில் நிற்குமா என்று யோசிக்கிறேன். ‘லாடமில்லா டயர்’ என்று நீட்டினால் போதும்.

பனி கண்ணில் படுகிறது என்பது உண்மை. ஆபத்தும் அதில்தான். பனி விழட்டும் பார்க்கலாம் என்று நவம்பர் கடைசிவரை கோடை டயரோடு ஓட்டுகிறவர்கள் என் அலுவலகத்திலேயே மூன்று பேர். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பதைப் பாருங்கள். ‘எம் பிளஸ் எஸ்’, சேறும் பனியும், என்பது தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது, எந்தச் சோதனையும் கிடையாது. மூன்று முகடும் நடுவில் பனிப்பூவும் உள்ள குறி சோதனையில் தேறினால்தான் கிடைக்கும். 2024 அக்டோபரிலிருந்து ஜெர்மனி அந்த முகட்டுக்குறியை மட்டுமே ஏற்கிறது. ‘பனி’ என்ற சொல்லை நம்பி வாங்கியவர்கள் அங்கே ஏமாந்தார்கள்.

இன்று காலை டயர் மாற்றப் போயிருந்தேன். கடையில் வேலை செய்பவர் யாழ்ப்பாணத்து அண்ணா. ஜாக்கியில் வண்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். “கூதிர் டயர் போட வந்திருக்கிறேன்” என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். நிமிரவே இல்லை.

“கூதல் ரயரோ? பின்னுக்கு அடுக்கி வச்சிருக்கிறன். ஐம்பது கிலோமீற்றர் ஓடினாப்பிறகு வாங்கோ, நட்டை ஒருக்கா இறுக்கித் தாறன்.”

இனி அகராதியில் கூதிரா, கூதலா? குழு சொல்லட்டும்.